பச்சையாக இருந்தால் போதுமா? சுரங்க நிலத்தை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஒன்றிய நிலக்கரி அமைச்சகம், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான நிபுணர் மதிப்பீட்டுக் குழு, ராஞ்சியில் உள்ள, கோல் இந்தியாவின் சுரங்கத் திட்டமிடல் நிறுவனமான சி.எம்.பி.டி.ஐ.யின் தொலையுணர்வுப் பிரிவு.

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். நான் கடலூர் மாவட்டத்துக்காரன். செடி கொடிகளைக் கணக்கெடுப்பதும், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எந்த நிலத்தில் என்ன நிற்கிறது என்று சொல்வதும் என் வேலை. திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரியை எடுத்து முடித்து, குழியை நிரப்பி, மரம் நட்ட பிறகு அந்த நிலம் எவ்வளவு மீண்டிருக்கிறது என்று நீங்கள் அளக்கிறீர்கள். அந்த அளவுகோலை மாற்றுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல்.

நீங்கள் ஏற்கெனவே செய்துவருவதை நான் குறைத்துப் பேசவில்லை. நிலக்கரியும் அதன் மேலே கிடக்கும் மண்ணும் சேர்த்து ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் தோண்டும் கோல் இந்தியாவின் திறந்தவெளிச் சுரங்கங்களை, சி.எம்.பி.டி.ஐ. ஒவ்வோர் ஆண்டும் செயற்கைக்கோள் வழியாகப் பார்க்கிறது. அதைவிடச் சிறியவற்றை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறது. அறிக்கைகள் இணையத்தில் வெளியாகின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நல்ல வழக்கம். ஆனால் அந்த அறிக்கையில் நிலம் மூன்றே வகையாகப் பிரிகிறது: இன்னும் வெட்டிக்கொண்டிருக்கும் இடம், மண் நிரப்பி முடித்த இடம், மரம் நட்ட இடம். மூன்றாவது வகைதான் உயிரியல் மீட்பு என்ற கணக்கில் சேர்கிறது. போன ஆண்டு நட்ட அகேசியாக் கன்றும், இருபது வருடமாக வளர்ந்து பறவை வந்து போகும் கலப்புத் தோப்பும், சரிவு முழுக்கப் புல் மட்டும் மண்டிய மண்மேடும் அந்த வகையில் ஒரே நிறத்தில் விழுந்துவிடுகின்றன. எத்தனை ஹெக்டேர் பச்சை, எத்தனை சதவீதம் பச்சை என்ற இரண்டு எண்கள் மிஞ்சுகின்றன. அந்த எண்களை வைத்து மேலே முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

அந்தப் பச்சை எப்படிக் கிடைக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண்தான் என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு. வெறும் மண்ணுக்கு அது பெரும்பாலும் 0.1, 0.2 என்று நிற்கும். அடர்ந்த இலைக்கு 0.7, 0.8 வரை போகும். எளிமையான, நம்பகமான கணக்கு. 1970களின் தொடக்கத்திலிருந்து உலகமே இதைப் பயன்படுத்துகிறது. நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன்.

ஆனால் அந்த எண்ணுக்குத் தெரிந்தது இலை மட்டும்தான், இலை எந்தச் செடியுடையது என்று அதற்குத் தெரியாது. இலை அடுக்கு ஓரளவு அடர்ந்துவிட்டால் அதற்குமேல் எண் ஏறுவதும் இல்லை. ஆறு வருடத் தைலமரத் தோப்பும், நூறு ஆண்டு கடந்த ஐயனார் கோயில் காடும் அதன் கண்ணில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். செடி அடர்த்தி குறைந்த இடத்தில் இன்னொரு சிக்கல் வரும். அடியில் தெரியும் மண்ணின் நிறமும் ஈரமும் எண்ணை இழுத்துக்கொண்டு போகும். சுரங்க மண்மேட்டில் ஓரிடத்தில் வெளிர் மணல், பத்தடி தள்ளிக் கருப்புக் களிமண், நடுநடுவே நிலக்கரித் துணுக்கு என்று மண் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே இந்தப் பிழை சாதாரண வயலில் வருவதைவிடக் கூடுதலாகவே வரும். இதைச் சரிசெய்யத்தான் 1988இல் மண் திருத்தக் குறியீடு என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதைப் பயன்படுத்தக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

அப்புறம், மாதம். எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் வானம் தெளிந்ததும் எடுக்கிற படத்தில் பச்சையாக இல்லாத நிலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பார்த்தீனியம் பச்சை, கோரை பச்சை, ஒரு மழைக்கு முளைத்து அடுத்த வெயிலுக்குச் சாகும் புல்லும் பச்சை. அதே இடத்தைச் சித்திரையில் பாருங்கள். அப்போதும் தானாகவே பச்சையாக நிற்பது பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும்: எங்கள் கடலோர மண்ணுக்கே உரிய பசுமை மாறாக் காட்டு மரங்கள், அல்லது சீமைக்கருவேலம். முதலாவது நிலம் மீண்டதற்கு அடையாளம். இரண்டாவது நிலம் கைவிடப்பட்டதற்கு அடையாளம். மே மாதப் படத்தில் இரண்டும் ஒன்றுபோல் மின்னும். எந்த மாதப் படத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது. ஆகவே ஒரே படத்தை வைத்துச் சதவீதம் சொல்வதை நிறுத்தி, மழை முடிந்த பிறகு ஒன்று, கோடையின் உச்சத்தில் ஒன்று என்று இரண்டு பருவப் படங்களையாவது கட்டாயமாக்குங்கள். சென்டினல் 2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் நுணுக்கத்தில், காசு வாங்காமல் படம் தருகின்றன. படம் கிடைக்கவில்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது.

இனி தரைக்கு வருகிறேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மணற்கல்லும் களிமண்ணுமாக ஐம்பது மீட்டருக்கும் மேல், சில இடங்களில் நூறு மீட்டர் வரை மண் கிடக்கிறது. ராட்சதச் சக்கர இயந்திரம் அதை வெட்டுகிறது, கன்வேயர் பெல்ட் சுமந்து போகிறது, ஸ்பிரெடர் கொட்டுகிறது. சூரியனையே பார்த்திராத மண் அது. மட்கு கிடையாது, வேர்ப்பூஞ்சை கிடையாது, விதை கிடையாது. நிலத்தின் உயிர் முழுக்க மேலே இருந்த ஒரு முழம் மண்ணில்தான் இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்து, சீக்கிரமே திரும்பப் பரப்பினால் பாதி வேலை தானாக நடக்கும். வருடக்கணக்கில் குவித்துப் போட்டுவிட்டு எடுத்தால் குவியலின் அடிப்பகுதி செத்த மண்ணாகவே வரும். எடுத்து வைத்த மேல்மண் எத்தனை மாதம் குவியலாகக் கிடந்தது என்ற ஒரு கேள்வியை உங்கள் படிவத்தில் சேர்த்தாலே, அடுத்த பத்து ஆண்டில் அந்த இடத்தில் என்ன முளைக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மீட்பு நிலம் ஒன்றில் இறங்கினால் நான் முதலில் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. மரத்தடியில் உட்காருவேன். சருகைக் கையால் விலக்கினால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். நன்றாக மீளும் நிலத்தில் மேலே முழுச் சருகு, அதற்குக் கீழே நொறுங்கிய சருகு, அதற்கும் கீழே கருத்த, ஈரவாடை அடிக்கும் ஓர் அங்குலப் பொடி, அதில் வெள்ளை நூலாகப் பூஞ்சை. மீளாத நிலத்தில் அகேசியா இலை காய்ந்த தோல் மாதிரி அப்படியே அடுக்கடுக்காகக் கிடக்கும்; விலக்கினால் நேராக மஞ்சள் மண்தான். பதினைந்து வருடம் ஆகியிருந்தாலும் அதேதான். அடுத்து, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து உள்ளே முளைத்திருக்கும் நாற்றுகளை எண்ணுவேன். நட்ட கன்றை எண்ணுவதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. நடாமல் வந்தது எது என்றுதான் பார்ப்பேன். மைனாவும் குயிலும் கொண்டுவந்து போட்ட வேப்பங்கன்று இருக்கிறதா, களா இருக்கிறதா, காரை இருக்கிறதா, சூரைமுள் ஏறியிருக்கிறதா? மேலே நிற்கும் மரத்தின் சொந்தக் கன்றாவது அடியில் உண்டா? எதுவுமே இல்லையென்றால் அந்த மரங்கள் சாயும் நாளில் அந்த இடம் மறுபடி பொட்டல்தான். மேலிருந்து பார்க்கும் எண்ணோ அன்றுவரை 0.7 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

கடைசியாகத் தண்ணீர். ஒரு சாண் அகலக் குழாயை மண்ணில் அரையடி அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உள்ளே இறங்குகிறது என்று பார்ப்பது. லாரியும் டோசரும் ஏறி ஏறி இறுகிய மேட்டில் தண்ணீர் குழாய்க்குள் அப்படியே நிற்கும். வேரும் அதே இடத்தில் நின்றுவிடும். அந்த மேட்டில் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகாமல் சரிவில் ஓடி, ஓடை வெட்டி, மண்ணைக் கீழே உள்ள வாய்க்காலுக்கும் ஏரிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு குழாய், ஒரு குடம் தண்ணீர், ஒரு கைக்கடிகாரம்.

எதை அளக்கிறோமோ அதுதான் நிலத்தில் வளரும். இதற்கு அமெரிக்கா பெரிய சாட்சி. அங்கே 1977இல் மேற்பரப்புச் சுரங்கங்களுக்கான மீட்புச் சட்டம் வந்தது. சுரங்கக்காரர் பிணைத்தொகை கட்ட வேண்டும், நிலம் மீண்டது என்று நிரூபித்தால்தான் அது திரும்பும். நிரூபிப்பதற்கும் கறாரான விதி: செடிகளின் நிலப்போர்வை குறிப்பிட்ட தரத்தில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும், அதையும் புள்ளியியல் முறைப்படி 90 சதவீத உறுதியோடு காட்ட வேண்டும். கடைசி விதைப்புக்குப் பிறகு ஐந்து முழு ஆண்டுகள் பொறுப்பு உண்டு. மழை குறைந்த மேற்குப் பகுதிகளில் பத்து ஆண்டுகள். காகிதத்தில் பார்த்தால் நம்மைவிட எவ்வளவோ முன்னே.

ஆனால் அப்பலாச்சிய மலைகளில் நடந்தது வேறு. மண் அரிக்கக்கூடாது, சரிவு சரியக்கூடாது என்ற கவலையில் டோசரை மேலும் கீழும் ஓட்டி மேட்டைத் தார்ச்சாலை போல இறுக்கினார்கள். நிலப்போர்வைச் சதவீதம் சீக்கிரம் எட்ட வேண்டும் என்று வேகமாகப் படரும் ஃபெஸ்க்யூ புல்லையும் லெஸ்பெடிசா என்ற பயறுவகைச் செடியையும் அடர்த்தியாக விதைத்தார்கள். சதவீதம் வந்தது, பிணைத்தொகை திரும்பியது, காடு வரவில்லை. ஓக் மரமும் ஹிக்கரியும் நின்ற மலைகளில், மரக்கன்று தலையெடுக்க முடியாத புல்வெளிகள் பல ஆயிரம் ஏக்கரில் அப்படியே நின்றுவிட்டன. யாரும் சட்டத்தை ஏமாற்றவில்லை, சட்டம் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். பிறகு 2004இல் மாநிலங்களும் கூட்டரசும் சேர்ந்து, மேலே குறைந்தது நான்கடி ஆழத்துக்கு மண்ணை இறுக்காமல் தளர்வாகப் போடுங்கள், மரத்தோடு சண்டை போடாத புல்லை மட்டும் விதையுங்கள், சீக்கிரம் வளரும் மரத்தோடு நெடுநாள் நிற்கும் மரத்தையும் சேர்த்து நடுங்கள் என்று பிரசாரம் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறைக் காலம் வீணானது. அதே பாதையில் நாமும் இன்னொரு தலைமுறையைத் தொலைக்கத் தேவையில்லை.

நம் நாட்டிலும் இந்த அளவீட்டில் பணம் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் சுரங்க மூடல் வழிகாட்டுதல், திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அன்றைய விலையில் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு எஸ்க்ரோ கணக்கில், அதாவது வேலை முடிந்ததைக் காட்டினால்தான் எடுக்க முடிகிற பூட்டிய வங்கிக் கணக்கில், போட்டு வைக்கச் சொன்னது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வேலையைச் சரிபார்த்து, போட்ட பணத்தில் 80 சதவீதம் வரை திருப்பித் தரலாம் என்றும் சொன்னது. அந்தச் சரிபார்ப்பு பச்சைச் சதவீதத்தை மட்டும் கேட்டால் பச்சைச் சதவீதம்தான் கிடைக்கும். நாற்றையும் சருகையும் மண்ணையும் கேட்டால், ஒப்பந்தக்காரர் நடும் நாளிலேயே வேறு மாதிரி நடுவார். மரக்கன்று எண்ணிக்கையும் அப்படித்தான். இத்தனை லட்சம் கன்று நட்டோம் என்ற வரி எல்லா ஆண்டறிக்கையிலும் வருகிறது. ஐந்து ஆண்டுக்கு முன் நட்டதில் இன்று உயிரோடு நிற்பது எத்தனை என்ற வரியையும் அதற்குப் பக்கத்திலேயே கேளுங்கள்.

2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நினைவுபடுத்துகிறேன். சுரங்கம் முடிந்த இடத்தில் புல் வளர்த்து, தீவனத்துக்கும் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் உகந்த நிலமாக்கித் தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்கச் சொன்னது அந்த உத்தரவு. அதே மாதத்தில் சுற்றுச்சூழல் அமைச்சகமும் அதை நிபந்தனையாக்கிக் குறிப்பாணை வெளியிட்டது. தீவனம் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாடு வாய் வைக்காத பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் செயற்கைக்கோளுக்குத் தீவனம் போலத்தான் தெரியும். அங்கே மேய்வது யாருடைய மாடு, என்ன மேய்கிறது, எந்த மாதம் வரை மேய்ச்சல் கிடைக்கிறது என்று ஊரில் ஆடு மாடு வைத்திருப்பவர்களைக் கேட்காமல் அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, எதோடு ஒப்பிடுவது? மீட்சி என்றால் எதை நோக்கி மீள்வது? இதற்கான பதில் எங்கள் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் நிற்கிறது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பகுதிகளின் கோயில் காடுகள் இந்த மண்ணின் இயல்பான காட்டின் மிச்சம். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலில் சொல்வது இதைத்தான். வீரை, காசான், உலக்கைப்பாலை, இரும்புலி, அடியில் காரையும் சூரையும் சங்கஞ்செடியும். பெரிய உயரம் இல்லை. பரப்பும் பல இடங்களில் சில ஏக்கர்தான். ஆனால் ஆண்டில் ஏழெட்டு மாதம் மழையில்லாமல் கிடந்தும் இலை உதிர்க்காமல் நிற்கும் காடு இது. மண்மேட்டில் மரம் வளர்க்க நினைக்கும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. இந்தக் காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இனம் இனமாகக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தாவர வரைபடங்களும் உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. ஒப்பீட்டுக்கு வேண்டிய அடிப்படை கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரக் காட்டில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை எடுக்கும் அல்கோவா நிறுவனம் இப்படித்தான் செய்தது. மீட்ட நிலத்தில் 15 மாதம் கழித்துப் போய், எத்தனை தாவர இனங்கள் வந்திருக்கின்றன என்று எண்ணி, வெட்டப்படாத பக்கத்துக் காட்டோடு ஒப்பிட்டார்கள். மேல்மண்ணைக் குவித்து வைக்காமல் நேராக அடுத்த இடத்தில் பரப்பியதால் விதைகள் உயிரோடு வந்தன என்பதும் அந்த எண்ணிக்கையால்தான் உறுதியானது. அந்தச் சுரங்கத்தின் மீது அங்கே இன்று வேறு பல விமர்சனங்கள் உண்டு, நான் அதற்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. பக்கத்துக் காட்டோடு இனம் இனமாக ஒப்பிடுவது நடக்கிற காரியம்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லா நிலமும் காடாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நெய்வேலியைச் சுற்றிச் சுரங்கத்துக்குப் போனதில் பெரும்பகுதி முந்திரிக் கொல்லையும் மணிலா (நிலக்கடலை) விளையும் காடும் நெல்வயலும்தான். நிலத்தைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊர்களில் இருக்கிறார்கள். விவசாய நிலமாக மீட்டோம் என்று ஓர் இடத்தைக் கணக்கில் காட்டினால், அங்கே அளக்க வேண்டியது விளைச்சல். சுரங்கத்துக்குள் போகாத பக்கத்து ஊர்க் கொல்லையில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை மணிலா, மீட்ட நிலத்தில் எத்தனை மூட்டை, தண்ணீரும் உரமும் எவ்வளவு கூடுதலாகப் போயிற்று? எந்த விவசாயியும் இந்தக் கணக்கைத்தான் கேட்பார். அங்கே என்.டி.வி.ஐ. காட்டும் பச்சையில் பாதி கோரையாகக்கூட இருக்கலாம்.

ஒரு நாள் படத்தைவிட நாற்பது ஆண்டுப் படங்கள் எத்தனையோ மடங்கு பேசும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நெய்வேலியில் முதல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது 1961இல். 1980களின் நடுவிலிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் 30 மீட்டர் நுணுக்கத்தில் இந்த இடத்தைப் படம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. 2008 முதல் அந்தத் தொகுப்பு முழுக்க இலவசம். எந்த மேடு எந்த ஆண்டில் கொட்டப்பட்டது, எந்த ஆண்டில் பச்சை ஏறத் தொடங்கியது, ஏறியது நின்றதா, இறங்கியதா என்று ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு வாழ்க்கை வரலாறே எழுதலாம்.

இதில் எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பெரிய பரீட்சைகள் நடந்திருக்கின்றன. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் ஒரே இரவில் விழுந்தன. அடுத்து 2016. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் அதுவரை கண்டிராத அளவுக்குப் பொய்த்தது, ஏறக்குறைய 60 சதவீதம் குறைவு. இந்த இரண்டு ஆண்டுகளில் மீட்பு நிலத்தின் எண்ணும் விழுந்திருக்கும், கோயில் காட்டின் எண்ணும் விழுந்திருக்கும். எது எவ்வளவு விழுந்தது, எது எத்தனை மாதத்தில் எழுந்தது என்பதில்தான் மீட்சியின் உண்மை இருக்கிறது. அடி வாங்கி எழத் தெரிந்த நிலம்தான் மீண்ட நிலம். பக்கத்துக் கோயில் காட்டையும் பக்கத்து முந்திரிக் கொல்லையையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, அவற்றுக்கும் மீட்பு நிலத்துக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்று பார்த்தால் நல்ல மழை, கெட்ட மழை என்ற சாக்கும் அடிபட்டுப்போகும். இந்த வேலையை ஒரு கணினியும் ஓர் ஆளும் சில வாரங்களில் செய்துவிடலாம். நீங்கள் செய்து வெளியிட்டால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. நான் செய்தால் அது என் கணினியிலேயே கிடக்கும்.

ஒரு மறுப்பு வரும், அதையும் பேசிவிடுகிறேன். வெறும் மேட்டில் வீரையும் காசானும் வளராது, முதலில் அகேசியா மாதிரி எதையாவது நட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும் என்பார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆரோவில்லில் செம்மண் பொட்டலாகக் கிடந்த நிலத்தில் முதலில் அகேசியாவை நட்டு, அதன் நிழலில் உள்ளூர் மரங்களைக் கொண்டுவந்தார்கள். தானே புயலில் அந்த அகேசியாக்கள் ஏராளமாக விழுந்தன. அடியில் வளர்ந்திருந்த உள்ளூர் மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. அங்கே அகேசியாவுக்கு ஒரு வேலை கொடுத்து, அந்த வேலை முடியும் நாளையும் குறித்திருந்தார்கள். மண்மேடுகளில் பல இடங்களில் அந்த இரண்டாம் கட்டம் நடப்பதே இல்லை. முதல் கட்டத்திலேயே சதவீதம் வந்துவிடுகிறது, இரண்டாம் கட்டத்தை யாரும் கேட்பதில்லை. ஆகவே அகேசியாவைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. பத்தாவது ஆண்டில் அதன் அடியில் எத்தனை வகை உள்ளூர்க் கன்று இருக்கிறது என்று கேளுங்கள் என்கிறேன்.

செலவு என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு மீட்பு மேட்டிலும் வயதுவாரியாகச் சில நிலையான சதுரங்களைக் கல் நட்டுக் குறித்துவிட்டால், அதே சதுரத்துக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போனால் போதும். மரத்தின் பெயர், சுற்றளவு, உயரம், நாற்றுகளின் பெயர், சருகு ஆழம், தண்ணீர் இறங்கும் வேகம், மண்ணின் கரிமச் சத்து. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சுற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. தாவரவியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பாடம் எங்கே கிடைக்கும்? சிங்ரௌலிச் சுரங்க மண்ணில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண் நுண்ணுயிர்கள் வரை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆக, இந்த நாட்டில் முடியாத வேலை இல்லை இது. அந்தச் சதுரங்களில் கிடைக்கும் விவரத்தை வைத்துச் செயற்கைக்கோள் படத்தைத் திருத்திக்கொண்டால், படம் எடுக்கும் வேலையும் கூர்மையாகும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளின் நீள அலை ரேடார் இலையைத் தாண்டிக் கிளை, தண்டு வரை பார்க்கும். மேகமும் அதற்குத் தடையில்லை. அதன் தரவை மண்மேடுகளில் பயன்படுத்திப் பார்க்க நம்மிடம் இப்போது இல்லாதது தரைச் சதுரங்கள் மட்டும்தான்.

கடைசியாக இரண்டு கோரிக்கை. ஒன்று, அறிக்கையோடு எல்லைக் கோப்புகளையும் வெளியிடுங்கள். எந்த மேடு எந்த வகையில் சேர்ந்தது என்று பி.டி.எஃப். வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டினால் யாராலும் சரிபார்க்க முடியாது; வரைபடக் கோப்பாகவே தந்தால் எந்தக் கல்லூரி மாணவனும் தன் கணினியில் திறந்து, இந்த இடம் தோப்பு இல்லை, சீமைக்கருவேலம் என்று உங்களுக்கு எழுதலாம். படத்தின் தேதியும் பயன்படுத்திய குறியீடும், எந்த எண்ணுக்கு மேல் பச்சை என்று எடுத்துக்கொண்டீர்கள் என்ற வரம்பெண்ணும் அந்தக் கோப்பிலேயே இருக்கட்டும். இன்னொன்று, ஐந்தாண்டுச் சரிபார்ப்புக்கு வரும்போது நிலம் கொடுத்த ஊர்களிலிருந்து இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறுங்கள். ஒருவர் விவசாயியாக இருக்கட்டும், ஒருவர் ஆடு மேய்ப்பவராக இருக்கட்டும். அவர்கள் சொல்வதை அறிக்கையில் அவர்கள் சொன்ன சொல்லிலேயே சேர்த்து, கையெழுத்து வாங்குங்கள்.

கோயில் காடுகளின் இனப் பட்டியலும், என்னிடம் உள்ள சதுரக் கணக்கெடுப்புப் படிவமும் வேண்டுமென்றால் தரத் தயாராக இருக்கிறேன். களத்துக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன். கோடையில் கூப்பிடுங்கள்.

வணக்கத்துடன்,
கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாவரக் கணக்கெடுப்பாளர்